நிலமும் பொழுதும்: நாஞ்சில் நாட்டுப் பொழுதுபோக்கில் கொடைவிழாவும் வில்லுப்பாட்டும்

ஆய்வுச் சுருக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பண்பாட்டு ஈர்ப்புகள் என்று சுற்றுலாக் கையேடுகள் தொகுத்துத் தருவன பெரும்பாலும் இடங்களே. அம்மாவட்டத்து மக்கள் தம் ஓய்வையும் கொண்டாட்டத்தையும் காலத்தைக் கொண்டே கணக்கிட்டு வந்துள்ளனர். நிலம், பொழுது என்னும் முதற்பொருள் பாகுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, பயிர்ப்பருவம், திருவிழா நாள்கள், கொடைவிழாவின் நேர அமைப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நள்ளிரவோடு பிணைந்த வில்லுப்பாட்டுக் கதைப்பகுதி இன்று எதிர்கொள்ளும் சிக்கலையும், அதனைப் பதிவு செய்வோர் கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: நாஞ்சில் நாடு, கொடைவிழா, வில்லுப்பாட்டு, சாமக்கொடை, முதற்பொருள், பொழுதுபோக்கு.

முன்னுரை

முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகப் பகுத்தவர் தொல்காப்பியர். ஓர் ஒழுக்கம் எங்கு நிகழ்கிறது என்பதோடு எப்போது நிகழ்கிறது என்பதும் அதன் இயல்பைத் தீர்மானிக்கிறது என்பது இப்பாகுபாட்டின் உட்பொருள். பெரும்பொழுது, சிறுபொழுது என்று பொழுதை மேலும் இரண்டாக்கியதும் இக்காரணம் பற்றியே. அகப்பாடல்களை விளக்குவதற்கு மட்டுமே பயன்படுத்தப்பட்டு வரும் இவ்வாய்பாடு, ஒரு வட்டாரத்தின் பொழுதுபோக்கை ஆராய்வதற்கும் உரியது. பொழுதுபோக்கு என்ற சொல்லிலேயே பொழுது இருக்கிறது. ஆயினும் ஒரு மாவட்டத்தின் பொழுதுபோக்குகளைத் தொகுப்போர் நிலத்தை எடுத்துக்கொண்டு பொழுதை விட்டுவிடுகின்றனர்.

நாஞ்சில் நாடு என்பது வழக்கில் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களைக் குறிக்கும். நாஞ்சில் வள்ளுவனைப் பாடும் புறநானூற்றுப் பாடல்களால் (137–140) இப்பெயரின் தொன்மை அறியப்படுகிறது. நாஞ்சில் என்பது கலப்பையின் பெயர். கல்குளம், விளவங்கோடு ஆகிய மேற்கு வட்டங்கள் வேணாட்டு மரபோடு நெருங்கியவை. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து இந்நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் பிரிக்கப்பட்டுத் தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்கள்தொகை 18,70,374. பரப்பில் சிறியதாயினும் மொழி, சமயம், வழிபாடு ஆகியவற்றில் இரு நாட்டு மரபுகளும் மூன்று சமய மரபுகளும் கலந்த பகுதி இது. ஆகவே நாஞ்சில் நாட்டைப் பற்றிய ஆய்வு அவ்வப்போது மேற்கு வட்டங்களுக்குள்ளும் சென்றுவர வேண்டியதாகிறது.

இடங்களின் பட்டியல்

கன்னியாகுமரிக்கு வரும் பயணி காண்பவை யாவை என்பது ஏறக்குறைய உறுதிப்பட்டுவிட்டது. 1970 செப்டம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறந்துவைத்த விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம், 2000 சனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் 30ஆம் நாள் திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம், காந்தி மண்டபம், சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலைக்கோயில் என்று அப்பட்டியல் நீளும். இவற்றின் சிறப்பை இக்கட்டுரை குறைத்து மதிப்பிடவில்லை. சிதறாலின் சமணப் புடைப்புச் சிற்பங்கள் ஒன்றே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமானவை. ஆனால் இவை அனைத்தும் ஆண்டின் எந்நாளிலும், நுழைவு நேரத்திற்குள் எப்போதும், காணத்தக்கவையாக இருப்பதனாலேயே பட்டியலில் இடம்பெற்றுள்ளன என்பது கருதத்தக்கது.

காலத்தால் மட்டுமே பொருள்பெறும் ஒன்றைப் பட்டியல் எவ்வாறு கையாள்கிறது என்பதற்குத் திற்பரப்பும் திருநந்திக்கரையும் தக்க சான்றுகள். முன்னது அருவியாகவும் பின்னது குடைவரைக் கோயில் உள்ள ஊராகவும் கையேடுகளில் குறிக்கப்படுகின்றன. மாசி மாதத்து மகாசிவராத்திரியை ஒட்டி நிகழும் சிவாலய ஓட்டத்தில் இவ்விரண்டும் மூன்றாம், நான்காம் தலங்கள். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் நிறைவுறும் இவ்வோட்டம் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. கையில் பனையோலை விசிறியுடன், சிவன் கோயில்களை நோக்கி, திருமாலின் பெயரைச் சொல்லி அடியவர்கள் ஓடுவது இதன் தனிச்சிறப்பு. வழியெங்கும் ஊரார் கஞ்சியும் சுக்குநீரும் வழங்குவர். அன்று இரவு அவ்வூர்ச் சாலைகள் அடையும் இயல்பு வேறு, ஏனைய நாள்களில் அவற்றின் இயல்பு வேறு. பன்னிரண்டு கோயில்களும் கல்குளம், விளவங்கோடு பகுதியைச் சார்ந்தவை என்பதும், இவ்வோட்டத்தை நாஞ்சில் நாட்டு விழாவாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதும் உடன் சுட்டத்தக்கன.

பத்மநாபபுரம் அரண்மனையும் இவ்வாறே. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இவ்வரண்மனையில் மரவேலைப்பாடுகளையும் மெருகேற்றிய கருந்தரையையும் பார்வையாளர் காண்கின்றனர். அங்குள்ள தேவாரக்கெட்டு சரசுவதி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரசுவாமி ஆகிய மூவரும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளும் நாளிலேயே அவ்வரண்மனை தன் பழைய அரசியல் பொருளை மீண்டும் பெறுகிறது. தலைநகர் மாறியபின் எழுந்த வழக்கம், 1956க்குப் பின் மாநில எல்லையைக் கடக்கும் ஊர்வலமாயிற்று. இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்யும் அந்நிகழ்வுக்கு ஆண்டில் ஒரு பொழுதே உரியது.

பூவும் விழாவும்

நாஞ்சில் நாட்டு நெல்வேளாண்மை இருபூ வேளாண்மை. ஒன்று கன்னிப்பூ, மற்றொன்று கும்பப்பூ. பூ என்பது இங்கு போகத்தைக் குறிக்கும். கன்னியும் கும்பமும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் முறையே புரட்டாசிக்கும் மாசிக்கும் உரிய பெயர்கள். அதாவது, விதைக்கும் மாதத்தைக் கொண்டு அல்லாமல் அறுவடை நெருங்கும் மாதத்தைக் கொண்டு இவ்வட்டாரம் தன் பயிருக்குப் பெயரிட்டது. குறுவை, சம்பா, தாளடி என வழங்கும் காவிரிப்படுகைப் பெயர்களோடு ஒப்பிட்டால் நாஞ்சில் நாட்டார் பயிரையே காலத்தின் பெயரால் அழைத்தனர் என்பது விளங்கும்.

பேச்சிப்பாறை முதலிய அணைகளின் நீரும் இக்கணக்கிற்கு இசைந்தே ஓடுகிறது. சூன் தொடக்கத்தில் பாசனத்திற்குத் திறக்கப்பட்டுப் பிப்ரவரி இறுதியில் அடைக்கப்படுவது வழக்கம். கும்பப்பூ அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, களத்து நெல் வீடு சேர்ந்தபின் பங்குனியும் சித்திரையும் வருகின்றன. ஊர்த் தெய்வங்களுக்குக் கொடை நிகழ்வது பெரும்பாலும் அப்போதே. கொடைக்கான தலைக்கட்டு வரியைச் செலுத்தக் கையில் பொருளும், மூன்று நாள் விழித்திருக்க உடலுக்கு ஓய்வும் கிடைக்கும் காலம் அது. கொடை என்பது தெய்வத்திற்கு ஊரார் கொடுப்பது. அண்மைக் கால விளம்பரத் தட்டிகளில் இச்சொல் ‘கோடை விழா’ என்று அச்சாவதைக் காணலாம். சுற்றுலாத்தலங்களில் நடத்தப்பெறும் கோடைவிழாக்களின் செல்வாக்கால் நேர்ந்த இப்பிழையில் ஒரு பொருளும் உண்டு. கொடுத்தல் மறைந்து பருவம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

நெல்வயல்கள் பெரும்பகுதி இன்று மனைகளாகவும் தென்னை, வாழைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன. இருப்பினும் கொடைகளின் மாதம் மாறவில்லை. அறுவடை நீங்கியபின் அவ்விடத்தைப் பள்ளி விடுமுறையும் வெளியூரில் பணிபுரிவோரின் வருகையும் நிரப்பியுள்ளன எனலாம். காரணம் மாறியும் பொழுது நிலைத்திருப்பது இதனால் புலனாகிறது.

மாவட்ட நிருவாகமே இப்பொழுதுக் கணக்கை ஏற்றுக்கொண்டுள்ளது என்பதற்கு உள்ளூர் விடுமுறை அறிவிப்புகள் சான்றாகும். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக்கொடை, அய்யா வைகுண்டரின் அவதார நாளான மாசி 20, சிவராத்திரி, ஓணம், சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா ஆகியவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்து வருகிறார். செலாவணி முறிச் சட்டத்தின்படி அமைந்த பொதுவிடுமுறை அன்று என்பதும், ஈடாக மற்றொரு சனிக்கிழமை பணிநாளாகும் என்பதும் அவ்வறிவிப்புகளின் வழக்கமான வாசகங்கள். ஒரு நாளை எடுத்து மற்றொரு நாளால் ஈடு செய்யும் இவ்வாவணங்களை ஆண்டுவாரியாகத் தொகுத்தால், இடங்களின் வரைபடத்திற்கு இணையான, காலத்தின் வரைபடம் ஒன்று கிடைக்கும். பண்பாட்டு ஆய்வாளர்கள் இவற்றைச் சான்றாதாரமாக இதுவரை போதிய அளவு பயன்படுத்தவில்லை.

இப்பட்டியலில் உள்ள விழாக்கள் அனைத்தையும் வேளாண்மையோடு பொருத்திவிட முடியாது. சுசீந்திரத்தில் மார்கழித் தேர் ஓடும்போது கும்பப்பூ வயலில் நிற்கிறது. அவ்விழாவின் மூன்றாம் நாள் இரவு நிகழும் மக்கள்மார் சந்திப்பில் கோட்டாற்றுப் பிள்ளையாரும், மருங்கூர், வேளிமலை ஆகிய ஊர்களின் முருகரும் பெற்றோரைக் காண வருகின்றனர். ஊர்களுக்கிடையிலான உறவை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் ஏற்பாடு அது. கோட்டாற்றில் நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை நிகழும் சவேரியார் திருவிழா திருச்சபையின் நாட்காட்டியைச் சார்ந்தது. தேருக்குப் பின்னே விழுந்து கும்பிட்டு வரும் நேர்ச்சையில் பிற சமயத்தாரும் கலந்துகொள்வர். தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஆண்டு விழாவோ பிறைக்கணக்கில் இரசபு மாதத்தில் வருவதனால் ஆண்டுதோறும் பருவம் மாறிக்கொண்டே செல்லும். அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுவதும் கூடி ஓதுவது அவ்விழாவின் உயிர்நிலை. நூலொன்றைத் தனித்திருந்து படிக்காமல், இரவொன்றில் கூடியிருந்து ஓதி முடிக்கும் வழக்கம் இன்றும் நிலைபெற்றிருப்பதற்குத் தக்கலை அரிய எடுத்துக்காட்டு. இராமாயணத்தைப் பல இரவுகளாகப் பகுத்து நிகழ்த்திய தோல்பாவைக் கூத்தும் இதே இனத்தது. மராத்தி மொழி பேசும் கணிகர் குடும்பங்கள் நாகர்கோவில் வட்டாரத்தில் நிகழ்த்திவந்த அக்கலையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றும் நகைச்சுவைப் பகுதிகளே ஊராரை இரவெல்லாம் அமர்த்தி வைத்தன. இராமனுக்காக வந்தவர் எத்தனை பேர், உளுவத்தலையனுக்காக வந்தவர் எத்தனை பேர் என்பது யாரும் கணக்கிடாத ஒன்று.

கொடையின் நேர அமைப்பு

மேற்கண்டவற்றுள் பொழுதுக்கும் பனுவலுக்கும் உள்ள உறவு மிக நெருக்கமாக அமைந்திருப்பது கொடைவிழா வில்லுப்பாட்டில்தான். வில்லடி, வில்லடிச்சான் பாட்டு என்றும் வட்டார வழக்கில் இது சுட்டப்பெறும். மணி கட்டிய பெரிய வில், அதனை அடிக்கும் வீசுகோல், உடுக்கை, குடம், கட்டை, தாளம் ஆகியவை இதன் கருவிகள். தலைமைப் பாடகர் அண்ணாவி அல்லது புலவர் எனப்படுவார். வலத்தே அமர்வோர், இடத்தே அமர்வோர் என்ற பகுப்பு பாடும் முறையிலும் பங்கு பெறும்.

கொடை பெரும்பாலும் மூன்று நாள் நிகழும். முதல் நாள் மாலை அல்லது இரவில் குடியழைப்பு. மறுநாள் நடுப்பகலில் உச்சிக்கொடை, நள்ளிரவில் சாமக்கொடை. மூன்றாம் நாள் படைப்பைப் பகிர்தலும் மஞ்சள் நீராட்டுமாக விழா நிறைவுபெறும். ஊருக்கு ஊர் இதில் வேறுபாடுகள் உண்டு. எனினும் உச்சி, சாமம் என்னும் இரு சிறுபொழுதுகளே கொடையின் இரு தூண்கள் என்பதில் மாற்றம் இல்லை. இவ்விரு பொழுதுகளின் பெயராலேயே பூசைகளும் வழங்கப்படுகின்றன.

வில்லுப்பாட்டின் பனுவல் அமைப்பை ஆய்வாளர்கள் காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், கதைக்கூறு, வாழி எனப் பகுத்துக் கூறுவர். தி.சி. கோமதிநாயகத்தின் ‘தமிழ் வில்லுப்பாட்டுகள்’ (1979) இவ்வகையில் முன்னோடி நூல். நா. வானமாமலை 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழிப் பதிப்பித்த கதைப்பாடல்களும், அ.கா. பெருமாள் தொடர்ந்து வெளியிட்டு வரும் நாஞ்சில் நாட்டுப் பதிப்புகளும் இல்லையெனில் இத்துறை இன்று இல்லை. ஆனால் இப்பகுப்பு ஏட்டில் காணும் வரிசை. நிகழ்த்துதலில் இவ்வரிசையைச் சாமத்தோடு பொருத்துவது அண்ணாவியின் பொறுப்பு.

இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன். கன்னியாகுமரி மாவட்டக் களப்பணியின் அடிப்படையில் 1988இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், வில்லுப்பாட்டுக் கதைகளைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என இரண்டாகப் பகுக்கிறது. தெய்வப் பிறப்புடையோர் கதைகள் முன்னவை. கொலையுண்டோ தற்கொலை செய்துகொண்டோ தெய்வமானோர் கதைகள் பின்னவை. சடங்கின் மையத்தில் நிற்பவை இறப்புக் கதைகளே என்பது அவர் முடிவு. இம்முடிவை நேர நோக்கில் விரித்தால், கதைமாந்தர் இறக்கும் இடத்தைச் சாமக்கொடை நேரத்திற்குக் கொண்டு சேர்ப்பதே பாடகரின் கலைத்திறனாக அமைகிறது என்பது பெறப்படும்.

அலங்காரமும் படைப்பும் முடியச் சற்று நேரம் ஆகுமாயின் அண்ணாவி நாட்டுவளத்தையும் நகைச்சுவையையும் நீட்டுவார். பூசை விரைந்தால் கதையைச் சுருக்குவார். சாமியாடி கச்சை கட்டி வந்து நிற்கும்போது வரத்துப்பாட்டுத் தொடங்கும். உடுக்கையின் வேகம் ஏறும். கதையில் உயிர் பிரியும் இடமும் சாமியாடிக்கு அருள் வரும் இடமும் ஒன்றாதல் வேண்டும். அந்நேரத்தில் கேட்போர் கதை கேட்பவராக இரார். தெய்வத்தின் முன் நிற்பவராவர். வில்லுப்பாட்டைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்வதும் வழிபாடு என்று மட்டும் சொல்வதும் குறையுடையன. நாட்டுவளத்தில் பொழுதுபோக்காக இருப்பது வரத்தில் வழிபாடாகிறது. இம்மாற்றம் நிகழும் இடம் ஒன்றே, பொழுதுதான் வேறு.

கதைகளின் பொருளை நோக்கினும் இடப்பட்டியலுக்கு மாறான ஒரு வரலாறு தென்படும். பத்மநாபபுரம் அரண்மனையில் மார்த்தாண்டவர்மர் (ஆட்சிக்காலம் 1729–1758) நாட்டை ஒன்றிணைத்த மன்னர். தம்பிமார் கதையிலோ அவரோடு பகைத்து மடிந்த பப்புத்தம்பி, இராமன்தம்பி ஆகியோர் கதைத்தலைவர்கள். வென்றவனுக்கு அரண்மனை, வீழ்ந்தவர்க்கு வில்லுப்பாட்டு என நினைவு பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளது. பழையனூர் நீலியின் கதை இங்கு வந்து கள்ளியங்காட்டு நீலியாகி, நாகர்கோவிலை ஒட்டிய ஒரு பாதையில் குடியேறியதும் கருதத்தக்கது. தோட்டுக்காரி அம்மன் கதை முதலியன நாஞ்சில் நாட்டு ஊர்ப்பெயர்களையே களமாகக் கொண்டவை. இக்கதைகள் நிகழ்ந்த இடங்களைப் பயணிக்குக் காட்டுவது எளிது. காட்டினால் அங்கு ஒரு பீடமும் ஒரு மரமும் தவிர வேறொன்றும் இராது. கொடையன்று இரவு மட்டுமே அது பார்க்கத்தக்க இடம்.

மேடைக்கு வந்த வில்

வில்லுப்பாட்டைக் கொடைக்களத்திலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) முதன்மையானவர். காந்தியடிகளின் வாழ்க்கையை அவர் வில்லிசையாக நிகழ்த்தியது தமிழகம் முழுவதும் இக்கலையை அறியச் செய்தது. அவரோடு இணைந்து பணியாற்றிய நெல்லை மாவட்டத்துச் சுப்பு ஆறுமுகம் (1928–2022) அதனை வானொலி, தொலைக்காட்சி, வெளிநாட்டு மேடைகள் வரை எடுத்துச் சென்றார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இம்மாற்றத்தைச் சிதைவு என்று கூறுவது பொருந்தாது. புதிய பொருளும் புதிய அவையும் இக்கலைக்குக் கிடைத்தன. ஆனால் மேடை வில்லிசை சாமத்தை இழந்தது. காந்தியடிகளின் இறப்பைப் பாடும்போது யாருக்கும் அருள் வருவதில்லை, வரவேண்டியதும் இல்லை. சுற்றுலா விழா மேடைகளில் கரகாட்டத்திற்கும் களியலாட்டத்திற்கும் இடையே சிறிது நேரம் ஒதுக்கப்படும்போது, காப்பும் ஒரு விழிப்புணர்வுப் பாட்டும் வாழியும் மட்டுமே அவ்வளவுக்குள் அடங்கும். கதைக்கூறு அடங்காது. மகுடம் அடித்து ஆடும் கணியான் கூத்துக்கும் இதே நிலைதான். பார்வையாளர் கண்டது வில்லுப்பாட்டின் கருவிகளை, வில்லுப்பாட்டை அன்று.

இரவு பத்து மணி

கொடைக்களத்திலேயே இன்று எழுந்துள்ள சிக்கல் இதனினும் கடுமையானது. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தத் தடை விதிக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு அளிக்கலாம். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளையும் இவ்விதியின்கீழ் கொண்டுவந்தது. நோயுற்றோர், குழந்தைகள், தேர்வெழுதும் மாணவர் ஆகியோரின் உறக்கத்தைக் காக்கும் இவ்விதியின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. பங்குனி, சித்திரை மாதங்கள் தேர்வுக் காலமும் ஆகும். கூம்பு ஒலிபெருக்கிகள் கொடைநாள்களில் ஊரையே உறங்கவிடாது செய்ததும் உண்மை.

ஆயினும், விதி அளிக்கும் தளர்வு முடியும் நேரமும் சாமக்கொடை தொடங்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. விதியை இயற்றியோர் இதனை எண்ணியிருக்க வாய்ப்பில்லை. எட்டு மணிக்குத் தொடங்கும் மெல்லிசைக் கச்சேரி பத்து மணிக்குள் முடிந்துவிடும். ஆகையால் அதற்கு இவ்விதியால் இழப்பில்லை. சாமத்தை நோக்கி மெல்ல நகரும் வில்லுப்பாட்டிற்கே இழப்பு.

பாடுவோர்க்கு உள்ள வழிகள் மூன்று. ஒன்று, இறப்புக் கதையை முன்னிரவிலேயே பாடி முடித்தல். அவ்வாறாயின் கதை பூசையினின்று பிரிந்துவிடும். அருள் வரும்போது பாட்டு இராது, மேளமே இருக்கும். இரண்டு, இறப்புக் கதையை உச்சிக்கொடைக்கு மாற்றுதல். நடுப்பகலில் கேட்போர் குறைவு என்பதோடு, சுடலைமாடன், இசக்கி போன்ற இரவுத் தெய்வங்களுக்கு அது ஒவ்வாது. மூன்று, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் களத்தில் நிற்போர் மட்டும் கேட்குமாறு பாடுதல். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு வில்லுப்பாட்டு அவ்வாறுதான் பாடப்பட்டது என்பதால் மரபுக்கு மிக நெருக்கமானது இதுவே. 2010க்குப் பின் கண்டிப்பாகப் படித்தால் உடுக்கைக்கும் தடை உண்டு என்பதே இடர். களத்தின் ஒலியளவைக் கருத்தில் கொண்டு இம்மூன்றாம் வழியை நிருவாகம் ஏற்குமாயின், உறங்குவோர்க்கும் இடையூறின்றி, சாமக்கொடையும் தன் பொழுதில் நிகழும். வில்லுப்பாட்டிற்கு நல்கை வழங்குவதினும் இவ்வேற்பு பயன் மிகுந்தது.

பதிவில் இடம்பெற வேண்டியவை

நாட்டார் வழக்காற்றுத் துறைகளில் இன்று வில்லுப்பாட்டு பெரும்பாலும் ஒலி, ஒளிப் பதிவாகவே சேமிக்கப்படுகிறது. பாடகரை வீட்டிலோ துறை அரங்கிலோ அமர்த்திக் கதை முழுவதையும் பாடச்செய்து பதிவு செய்வது வசதியான முறை. பனுவல் பிழையின்றிக் கிடைக்கும். ஆனால் எந்த இடத்தில் நீட்டினார், எங்கே சுருக்கினார், எந்த அடியில் வரத்துத் தொடங்கியது என்பவை அதில் இரா. ஏனெனில் நீட்டவும் சுருக்கவும் அங்குக் காரணம் எதுவும் இல்லை. களத்தில் எடுக்கும் பதிவுகளிலும் இந்நாளைய வழக்கம் சாமியாடியைப் படம்பிடிப்பதாகவும் பாட்டைப் பின்னணியாகவும் கொள்வதாகவே உள்ளது.

கதையின் ஒவ்வொரு கூறும் தொடங்கிய நேரத்தைப் பனுவலின் ஓரத்தில் குறித்தல் இக்குறையைப் பெரிதும் போக்கும். அலங்காரம் தொடங்கியது, திரை விலகியது, படைப்பு முடிந்தது, சாமியாடி வந்தது ஆகியவற்றின் நேரங்களையும் எதிர்ப்பக்கத்தில் குறித்தால், பனுவலும் பூசையும் எங்கெங்கு ஒன்றையொன்று காத்திருந்தன என்பது தெரியவரும். ஒரே அண்ணாவி ஒரே கதையை இரண்டு ஊர்க் கொடைகளில் பாடியதை இவ்வாறு பதிவு செய்து ஒப்பிட்டால், ஏட்டுப் பாடவேறுபாடுகள் என்று இதுவரை கருதப்பட்டவற்றுள் எவை படியெடுத்தோரால் நேர்ந்தவை, எவை படைப்பு தாமதமானதால் நேர்ந்தவை என்பதைப் பிரித்தறிய இயலும். பதிப்பாசிரியர்க்கு இது பயன்படும்.

கொடை நாள்களின் பட்டியலும் தேவை. ஊர், தெய்வம், மாதம், கிழமை, பாடப்பெற்ற கதை, பாடியது இரவிலா பகலிலா, எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது என்னும் ஏழு செய்திகள் போதும். தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் ஊர்க்கோயில் வரவு செலவுக் குறிப்பேடுகளிலும், அச்சிட்ட கொடை அழைப்பிதழ்களிலும் இவற்றுள் முதல் ஐந்தும் பெரும்பாலும் கிடைக்கும். அழைப்பிதழ்கள் கொடை முடிந்தவுடன் எறியப்படுபவை. பங்குனி பிறக்கும்போதே அவற்றைச் சேர்க்கத் தொடங்குதல் நன்று. எஞ்சிய இரண்டு செய்திகள் அழைப்பிதழில் இரா. அவற்றுக்குச் சாமம் வரை களத்தில் இருந்தாக வேண்டும்.